சார்ம் எத்தனை டிக் நிற்கும்?

மார்ச் 3, 2024

எவர்க்வெஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டின் பழைய விதிகளோடு ஓடும் சர்வரில் என் என்சாண்டர் (மயக்கு மந்திரக்காரி) இன்று 12ஆம் லெவலைத் தொட்டாள். எதிரியை மயக்கி நமக்காகச் சண்டை போட வைக்கும் முதல் சார்ம் மந்திரம் கைக்கு வந்துவிட்டது. நேரே ஓர்க் என்ற அரக்கர்களின் கோட்டையான கிரஷ்போனுக்குப் போய் ஒரு ஓர்க்கை மயக்கி, கையில் ஒரு வாளும் கொடுத்தேன். மந்திரத்தின் நேரம் 20 நிமிடத்துக்கும் மேல் என்று போட்டிருக்கிறது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சார்ம் தீர்ந்தது என்று ஒரு வரி வந்தது, அடுத்த நொடி நான் கொடுத்த வாளாலேயே என்னை வெட்டியது. வாசல் வரை ஓடியும் தப்பிக்க முடியவில்லை.

மார்ச் 5

அந்த 20 நிமிடம் உச்சவரம்பு மட்டும்தான். இந்த விளையாட்டில் 6 நொடிக்கு ஒரு டிக். டிக் விழும்போது பிடி தளரலாம், தளராமலும் போகலாம். ஒரு டிக்குக்கு 5 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 20 டிக், அதாவது 2 நிமிடம். அதையே 2.5 சதவீதமாகக் குறைத்தால் 4 நிமிடம். கரிஸ்மா, அதாவது பாத்திரத்தின் கவர்ச்சியைக் காட்டும் எண், உதவுகிறது என்றால் இங்கேதான்: நேரத்தை நீட்டுவதில்லை, ஒவ்வொரு முறையும் தப்பிக்கும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கிறது. அந்தக் கொஞ்சம் கூடக்கூட எவ்வளவு பெரிதாகிறது!

மார்ச் 9

கரிஸ்மா ஏற்றும் நகைகளைப் போட்டுக்கொண்டு போனேன். உயர் எல்ஃப் இனத்துக்கு அடிப்படையே 80, நோம் இனத்துக்கு 60. தொடக்கத்தில் உயர் எல்ஃபைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று.

முதல் ஓர்க் 11 நிமிடம் நின்றது. மனசு குதித்தது. அடுத்தது 40 நொடியில் திரும்பிவிட்டது, நகையெல்லாம் அப்படியேதான் இருந்தது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு "கரிஸ்மா வேலை செய்கிறது", "செய்யவில்லை" என்று பேசுவது வீண் என்று அப்போதுதான் உறைத்தது. இதைப் பற்றி பழைய ஆட்டக்காரர்கள் இத்தனை வருஷமாக வாதாடுவதற்கும் காரணம் இதுதான். குறைந்தது ஐம்பது தடவையாவது எண்ண வேண்டும்.

மார்ச் 10

ஒரு பழைய ஞாபகம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டுக்கு 1978இல் வந்த விதிப்புத்தகத்தில், மயக்கப்பட்டவரின் அறிவைப் பொறுத்தே இந்தக் கணக்கு. அறிவு 3 அல்லது அதற்குக் கீழே என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் விடுபட முயலலாம்; 18 என்றால் இரண்டே நாளில். மந்திரவாதியின் அழகை யாரும் கேட்கவில்லை. மயங்கியவர் எவ்வளவு சீக்கிரம் சுதாரிக்கிறார் என்பதே கேள்வி. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும்.

மார்ச் 16

எவர்க்வெஸ்ட் வெளியாகி இன்றோடு 25 வருஷம். நோட்டில் 31 சார்ம் குறித்தாகிவிட்டது.

என் முடிவு: கரிஸ்மா வேண்டும், ஆனால் அதை முதலில் தேடி ஓட வேண்டாம். முதலில் லெவல் வித்தியாசம். என்னைவிட நாலு லெவல் கீழே இருக்கும் ஓர்க்கை மயக்குவதும் எனக்குச் சமமான ஓர்க்கை மயக்குவதும் ஒன்றல்ல. அப்புறம் தாஷன் என்ற மந்திரம், அது எதிரியின் மந்திர எதிர்ப்பைக் குறைக்கிறது. அதை மறந்துவிட்டு நகையை மட்டும் நம்பிய நாட்களில்தான் அதிகம் செத்தேன்.

சரி, இப்போது பிடி விட்டதும் ஓடுவதில்லை. ஸ்டன் (கொஞ்ச நேரம் திகைத்து நிற்க வைக்கும் மந்திரம்), தாஷன், மறுபடி சார்ம் என்று விரல் தானாகப் போகிறது. இன்று மூன்று தடவை பிடி விட்டது, மூன்று தடவையும் அதே ஓர்க்கைத் திரும்பப் பிடித்தேன். ஐம்பதுக்கு இன்னும் 19 பாக்கி.