ஒரு மில்லிகிராமுக்கு மூன்று நடை

ஒருவழியாக டிஎஸ்சி (மாதிரியைச் சூடாக்கும்போது அது உள்வாங்கும், வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் சோதனை) எடுத்து முடித்தாயிற்று. மூன்று நடை போனதில் முதல் இரண்டும் வீண். ஏபி (அம்மோனியம் பெர்குளோரேட்) மாதிரியை வெளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகப் போகிறவர்கள் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் கூரியரில் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். பெயரைச் சொன்னதுமே எடுக்க மாட்டேன் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஐநாவின் ஆபத்தான பொருள் வகைப்பாட்டில் இது 5.1, அதாவது மற்றதை எரியத் தூண்டும் ஆக்சிஜனேற்றி. ராக்கெட்டின் திட உந்துபொருளில் பெரும்பங்கு எடை பொதுவாக இதுதான். ரயிலிலோ பஸ்ஸிலோ பையில் போட்டுக்கொண்டு போகிற பொருள் இல்லை. துறை வண்டிக்கு அனுமதி வாங்கவே ஒன்பது நாள் ஆனது.

போய்ச் சேர்ந்தால், விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் என்னைத் திருப்பி அனுப்பியது. 'எரியும் அல்லது வெடிக்கும் தன்மை உண்டா?' ஒரு மில்லிகிராம்தானே என்று நான் காலியாக விட்டிருந்தேன். கருவியைக் கவனிக்கும் அண்ணன் அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும்ல? உலை அரிச்சுப் போச்சுன்னா யார் பொறுப்பு?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கட்டத்தைத் தயவுசெய்து மறைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள்.

இரண்டாம் முறை பாதுகாப்புத் தரவுத்தாளோடு போனேன். இந்த முறை அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். ஆய்வு வழிகாட்டியின் கையெழுத்து ஸ்கேன் பிரதியாக இருந்ததால் செல்லாதாம், அசல்தான் வேண்டுமாம். மின்னஞ்சலில் கேட்டபோதே சொல்லியிருந்தால் ஒரு நாளும் வண்டி டீசலும் மிச்சமாகியிருக்கும். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எந்தத் தாள் அசலாக இருக்க வேண்டும், எது பிரதியாக இருந்தால் போதும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் முறை எல்லாம் ஓடியது.

வரைபடத்தில் முகடு தெளிவாக வரட்டுமே என்று மூன்று மில்லிகிராம் போடச் சொன்னேன். அண்ணன் மறுத்தார், அவர் செய்ததுதான் சரி. அதிகம் போட்டால் மாதிரி தன் வெப்பத்திலேயே சூடேறி முகடு சாய்ந்துவிடும், கிண்ணம் பிளந்தால் உணரியும் போகும். பிளாஸ்டிக் கரண்டியில் துளி எடுத்து, 1 மில்லிகிராம் எடைபோட்டு, ஊசித்துளை போட்ட மூடியால் அலுமினியக் கிண்ணத்தை மூடினார். நைட்ரஜனைத் திறந்துவிட்டார். வெளியேறும் வாயு நேராகப் புகைக்கூண்டுக்குப் போகும்படி குழாயை மாற்றியிருந்தார். எனக்காகவே செய்தது அது. முதலில் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க இண்டியம் என்ற உலோகத்தைப் போட்டு 156.6 டிகிரியில் உருகுகிறதா என்று சரிபார்த்தார். உங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

நிமிடத்துக்கு 10 டிகிரி. இருபது நிமிடம் கோடு ஏறக்குறைய நேராகவே போனது, நான் உட்காரவில்லை. 240ஐ ஒட்டி கூர்மையாக ஒரு பள்ளம் விழுந்தது. படிக அமைப்பு செஞ்சாய்சதுரத்திலிருந்து கனசதுரத்துக்கு மாறும் இடம் அது. பாடப்புத்தகத்தில் எத்தனையோ தடவை பார்த்த பள்ளம், என் மாதிரியில் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது.

அடுத்து, சிதைவை விரைவுபடுத்தும் இரும்பு ஆக்சைடு கலந்த மாதிரி. அதிலும் அந்த 240 அசையவே இல்லை. பின்னால் வரும் சிதைவு முகடு மட்டும் நன்றாகக் குறைந்த வெப்பநிலைக்கு இறங்கியிருந்தது.