78 டிகிரி கோட்டின் இரண்டு பக்கமும்

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பு. அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பாகம் பிரிக்க வேண்டும். பட்டாவில் 3 ஏக்கர். கடைசித் தம்பியின் மகன் கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பார்த்ததில் 3 ஏக்கர் 16 சென்ட் வந்துவிட்டது. "அந்தப் பதினாறு சென்ட் யாரு கையில இருக்குது தம்பி?" என்று அளக்கப் போன என்னைப் பெரியவர் கேட்டார். மற்ற இருவரும் ஆளுக்கொரு மரத்தடியில் நின்றார்கள்.

பையன் கணக்கில் தப்பில்லை. ஃபைலைத் திறந்தால் வலது மூலையில் 3857 என்று இருந்தது. உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைகளில் ஒன்றான வெப் மெர்கேட்டரின் எண் அது. போன் திரையில் வரைபடத்தை நகர்த்திப் பார்க்க அந்த முறை அருமையானது. பரப்பு அளக்க ஆகாது. நிலநடுக்கோட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கும். நம் ஊர் இருக்கும் பன்னிரண்டரை டிகிரியில் 100 சென்ட் நிலம் அதில் 105 சென்ட்டுக்கு மேல் காட்டும். 3 ஏக்கருக்குப் பெருக்கிப் பாருங்கள், சண்டைக்குக் காரணமான பதினாறு சென்ட் வந்துவிடும். டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவி வைத்து ஒவ்வொரு மூலைக்கல்லையும் எடுத்து யூடிஎம்மில் போட்டேன். பூமியை ஆறு டிகிரிப் பட்டைகளாக, அதாவது மண்டலங்களாக, வெட்டி விரிக்கும் முறை அது. 3 ஏக்கர், மேலே அரை சென்ட். யூடிஎம் மண்டலத்தின் ஓரத்தில் அளவு துளி கூடும்; நாம் அங்கே இருப்பதால் அந்த அரை சென்ட்.

ஓரம் என்றால் சரியான ஓரம். 78 டிகிரி தீர்க்கரேகை நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள் இரண்டையும் வகுந்துகொண்டு போகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் 43-ஆம் மண்டலம். கிருஷ்ணகிரி, தர்மபுரி 44. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நில வரைபடமான டோப்போ ஷீட்டும் அங்கேதான் பிரியும், 57 எச் ஒரு பக்கம், 57 எல் மறுபக்கம். ஒவ்வொரு மண்டலமும் கிழக்குத் தூரத்தைத் தனித்தனியாக எண்ணும்; கோட்டின் மேலேயே நின்றால் அது 43-இல் சுமார் 8,26,000 மீட்டர், 44-இல் சுமார் 1,74,000. ஓசூரில் எடுத்த புள்ளியை 44 என்று சொல்லித் திறந்தால் சென்னையையும் தாண்டி வங்காள விரிகுடாவுக்குள் போய் விழும்.

அதற்கு நான் பயப்படுவதில்லை. கடலில் விழுந்த தோப்பு யார் கண்ணிலும் படும். கண்ணில் படாத பிழைதான் குடும்பத்தைப் பிரிக்கிறது. பழைய டோப்போ ஷீட் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்த கணக்கை, வைத்துப் போட்டது. அதன் பெரிய அரை அச்சு, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-ஐ விடச் சுமார் 860 மீட்டர் குறைவு, மையமும் வேறு. 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான ஷீட்டுகள் டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாறின. பழையதிலிருந்து எண்களை எடுத்து அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால் நம் பக்கத்தில் இருநூறு மீட்டர் போலத் தள்ளிப்போகும். அந்த இடத்திலும் ஒரு ஓடை இருக்கும், ஒரு புளியமரம் இருக்கும். நம்பிவிடுவோம்.

அதனால் நான் கொடுக்கும் எந்த பிரிண்டிலும் டேட்டம் (எந்த நீள்கோளம், எந்த மையம் என்பது), மண்டலம் இரண்டையும் பேனாவால் எழுதிவிடுகிறேன். பெரியவர் அந்த எழுத்தில் விரலை வைத்து என்னவென்று கேட்டார். எதை வைத்து அளந்தோம் என்பதற்கு அடையாளம் என்றேன்.

"எங்கப்பா காலத்துல சங்கிலி போட்டு லிங்க்ஸ்ல எழுதுவாங்க. இப்ப மீட்டர்ல எழுதறாங்க. அந்த மாதிரியா?"

"அதேதாங்க."

பிரிண்டை மடித்துத் தம்பி கையில் கொடுத்தார். கல் நட ஆள் சொல்லிவரக் கிளம்பினார்.