எட்டாவது கை

ஆபரேஷன் முடிந்ததும் நோயாளி கண் திறந்தாரா என்றுதான் வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மயக்க மருந்து டாக்டரின் கவலை வேறு: தசைகளுக்குத் தெம்பு திரும்பிவிட்டதா, தானாக மூச்சு விடுகிறாரா? தொண்டையில் டியூப் செலுத்துவதற்காக ரோக்குரோனியம் போட்டுத் தசைகளை முழுக்கத் தளர்த்தியிருப்பார்கள். அதை முறிக்கிற சுகமாடெக்ஸ் மருந்தோடுதான் நான் ஏழு மாதம் மல்லுக்கட்டினேன். ஹைதராபாத்தில் ஒரு மருந்து கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மருந்து புதிதல்ல, ஐரோப்பாவில் 2008-லேயே அனுமதி கிடைத்தது. அதைச் சுத்தமாகத் தயாரிக்க வழி காண்பதுதான் என் பொறுப்பு.

இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. ஸ்காட்லாந்தின் நியூஹவுஸில், ஆர்கனான் மருந்து கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், ரோக்குரோனியத்தைக் கரைக்க ஒரு பொருள் தேடிய ஆன்டன் பாம் என்பவர் சைக்ளோடெக்ஸ்ட்ரின்களைக் கையில் எடுத்தார். அது சர்க்கரைதான். காமா வகையில் எட்டு குளுக்கோஸ் வளையமாகக் கைகோத்து, அடியில்லாத டம்ளர் மாதிரி நிற்கும். ரோக்குரோனியம் அந்த ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியானால் உடம்புக்குள்ளேயே பிடித்து அடைத்துவிடலாமே என்று யோசனை போயிற்று. டம்ளரின் ஆழம் போதாது என்று விளிம்பில் எட்டுக் கைகளை ஒட்டினார்கள். ஒவ்வொரு கை நுனியிலும் எதிர்மின்சுமை. ரோக்குரோனியத்தின் நேர்மின்சுமையை அது விடாது. இதே வேலைக்கான பழைய மருந்து நியோஸ்டிக்மின் சுற்றி வளைத்து வேலை செய்யும், இதயத் துடிப்பையும் குறைக்கும், அதைச் சமாளிக்கக் கூடவே இன்னொரு மருந்து வேண்டும். சுகமாடெக்ஸ் நேராகப் போய் ரோக்குரோனியத்தையே தூக்குகிறது. எனக்கு இதன்மேல் ஒரு மயக்கமே உண்டு.

செய்முறை காகிதத்தில் இரண்டே படி. முதலில் காமா சைக்ளோடெக்ஸ்ட்ரினின் விளிம்பில் எட்டு இடங்களில் இருக்கும் ஹைட்ராக்சிலை (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியை) எடுத்துவிட்டு அயோடினை வைக்க வேண்டும். அப்புறம் மெர்காப்டோபுரோப்பியோனிக் அமிலத்தை அங்கே ஏற்ற வேண்டும். அதுதான் கை. அந்த அமிலத்தின் நாற்றத்தை என்னவென்று சொல்ல! புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட்டுக்குள்ளேயே வேலை செய்தும் சட்டையில் ஏறிவிடும். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ஜன்னலைத் திறந்தார், பிறகு எழுந்தே போய்விட்டார்.

மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக் கருவியில் 2002 வர வேண்டும். வந்தது, ஆனால் பக்கத்திலேயே 1914-உம் வந்தது. வித்தியாசம் 88. அதாவது ஒரு கை முளைக்கவில்லை. குணத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அவசரத்துக்கு இந்த மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 16 மில்லிகிராம் வரை போடுவார்கள். அறுபது கிலோ ஆளுக்கு ஏறத்தாழ ஒரு கிராம், நேராக ரத்தக்குழாயில். 'கொஞ்சம் அழுக்குதானே' என்று விட முடியாது.

கை முளைக்கவில்லையென்றால் கை ஒட்டும் படியில்தான் தப்பு என்று நினைத்தேன். அமிலத்தைக் கூட்டினேன், சூட்டைக் கூட்டினேன், நேரத்தைக் கூட்டினேன். இரண்டு மாதம் போனது, நாற்றம்தான் கூடியது. எங்கள் குழுவில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர், ஓய்வுபெறப் போகிறவர், என் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

"தம்பி, சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் காயவச்சியா?"

"ராத்திரி முழுக்க ஓவன்லதான் சார் இருந்துச்சு."

"வச்சது சரி. காஞ்சிச்சான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. ஈரத்தை அளக்கும் கார்ல் ஃபிஷர் கருவியில் போட்டால், நன்றாகக் காய்ந்த மாவு மாதிரி இருந்த பொடியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு தண்ணீர்! ரோக்குரோனியத்தைப் பிடிக்கிற அதே ஓட்டை தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் முதல் படியின் வினைப்பொருளைத் தின்றுவிட, சில வளையங்களில் ஓர் இடத்துக்கு அயோடினே கிடைக்கவில்லை. அயோடின் ஏறாத இடத்தில் எவ்வளவு அமிலம் கொட்டினாலும் கை எப்படி ஒட்டும்?

பொடியைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, வெற்றிட ஓவனில் 80 டிகிரியில் இரண்டு நாள் வைத்தேன். ஈரம் ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே ஃப்ளாஸ்க்கைத் தொட்டேன். இந்த முறை மாஸ் ஸ்பெக்கில் 1914 இருந்த இடத்தில் கருவியின் வழக்கமான சிறு கிறுக்கலைத் தவிர ஒன்றுமில்லை. கிடைத்தது மூன்று கிராம் வெள்ளைப் பொடி. தஞ்சாவூர்க்காரரிடம் காட்டினேன், "ஈரத்தை நோட்டுல எழுதினியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு மேலிடத்திலிருந்து மெயில்: பத்து கிலோ எப்போது தயாராகும்?