சுட்டி கொடுப்பதோடு நின்றுவிட்டேன்

"மேடம், இதை நம்ம லைப்ரரியிலேயே ஒரு காப்பி எடுத்து வச்சுக்க முடியுமா?" என்று, நான் சுட்டி கொடுத்திருந்த ஒரு காணொளியைக் காட்டி ஒரு மாணவர் கேட்டார். "இணையத்தில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது? சுட்டி கொடுப்பதுதான் நம் வேலை, பிரதி எடுப்பதல்ல" என்று நான் சொன்னேன். இரண்டே வாக்கியங்கள். இரண்டாவது விதிப்படி சரியானது என்று இன்றும் வாதிடுவேன். முதலாவதை நினைத்தால்தான் மனம் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது.

அகதிகள், கட்டாய இடப்பெயர்வு ஆகியவை குறித்து இணையத்தில் கட்டணமின்றிக் கேட்கவும் பார்க்கவும் கிடைப்பவற்றை ஒரு பட்டியலாகத் தொகுத்துத் தருமாறு வரலாற்றுத் துறை கேட்டிருந்தது. ஆங்கிலப் பகுதி மூன்று நாட்களில் முடிந்துவிட்டது. பார்பரா ஹாரல்-பாண்ட் 1982-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய அகதிகள் ஆய்வு மையத்தின் சொற்பொழிவுகள் ஒலிக்கோப்புகளாகவே கிடைக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவையின் சர்வதேசச் சட்ட ஒலி-ஒளி நூலகத்தில் சட்ட அறிஞர்களின் விரிவுரைகள் இருக்கின்றன. 1947 பிரிவினை ஆவணகம் 10,000-க்கும் மேற்பட்ட வாய்மொழி வரலாறுகளைச் சேகரித்து, ஒரு பகுதியை எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, நாள், பேசுபவர், கால அளவு எல்லாம் முறையாகக் குறிக்கப்பட்டிருப்பதால், நூலகர் செய்ய வேண்டியது அவற்றைப் பார்த்து எழுதிக்கொள்வது மட்டுமே.

தமிழ்ப் பகுதி ஐந்து வாரங்கள் எடுத்தது. 'அகதி' என்று தேடினால் வருபவை பெரும்பாலும் செய்தித் துணுக்குகளும் மேடைப் பேச்சுகளும்தான். அவற்றில் மற்றவர்கள் அகதிகளைப் பற்றிப் பேசுவார்கள், அகதிகள் பேசமாட்டார்கள். ஏன் என்று புரிவதற்கு எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. தன் தாய் பேசுவதைக் கைப்பேசியில் எடுத்து ஏற்றுகிற மகன் அதற்கு 'ஓர் அகதியின் வாக்குமூலம்' என்று தலைப்பிடமாட்டான். ஊரின் பெயரை இடுவான், கோயிலின் பெயரை இடுவான், சில சமயம் தேதியை மட்டும் இடுவான். ஆகவே பேசாலை, வங்காலை, தலைமன்னார், முல்லைத்தீவு என்று இலங்கையின் ஊர் ஊராகவும், வள்ளம், மணல் திட்டு, மண்டபம் என்று சொல் சொல்லாகவும், பிறகு அதே சொற்களை ரோமன் எழுத்தில் எழுதியும் தேடினேன். தமிழ்நாட்டு முகாம்களின் பெயரை 2021-இல் அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது நல்ல முடிவுதான். ஆனால் பழைய பதிவுகள் ஒரு பெயரிலும் புதியவை வேறொரு பெயரிலும் பிரிந்துகிடப்பதால், இரண்டையும் தேடாதவருக்குப் பாதிதான் கிடைக்கும். இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேமித்து, 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' நிறுவனத்தின் எண்ணிம (டிஜிட்டல்) சேகரம் இல்லாதிருந்தால் என் பட்டியலின் தமிழ்ப் பகுதி இன்னும் மெலிந்துபோயிருக்கும். அங்கே ஒரு பதிவை யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று கேட்க முடிகிறது. மற்ற இடங்களில் அப்படிக் கேட்க யாரும் இல்லை.

மாணவர் குறிப்பிட்ட காணொளி அந்த 'மற்ற இடங்களை'ச் சேர்ந்தது. 22 நிமிடங்கள். வயதான ஒரு பெண்மணி, 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறி வந்ததைச் சொல்கிறார். ஓட்டிகள் இரவில் ஆட்களைத் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவதும், விடிந்தபின்தான் நிற்கும் இடம் கரையல்ல, நாற்புறமும் கடல் என்று தெரிவதும் அந்தக் காலத்தில் வந்த பலரும் சொல்வதுதான். இந்த அம்மாவோ நீரேற்றத்தின்போது தண்ணீர் எங்கிருந்து எங்கே ஏறியது, குழந்தைகளை எந்தப் பக்கமாக நகர்த்தினார்கள், குடிநீர்க் குடத்தை யார் பிடித்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் கையால் தரையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டே சொன்னார். திட்டின் வரைபடமே அந்தக் கையசைவில் இருந்தது. நான் விவரக்குறிப்பில் "பேசுபவர் பெயர் குறிப்பிடப்படவில்லை, 1990 கடற்பயணம், 22 நிமிடங்கள்" என்று எழுதினேன். கையசைவைப் பற்றி எழுதவில்லை. அதற்குப் பட்டியலில் இடமில்லை.

அந்த மாணவருடைய ஆய்வு அந்தத் திட்டுகளைப் பற்றியதுதான். தாம் முகாமில் பிறந்தவர் என்பதை அவர் அன்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டை விரித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கையாலேயே எழுதத் தொடங்கினார். நூலகம் மூடும் நேரம் வந்தபோது ஒன்பது நிமிடங்கள் முடிந்திருந்தன. செமஸ்டர் தேர்வு முடிந்து திரும்பிவந்து பத்தாவது நிமிடத்தைத் தேடியபோது காணொளி இல்லை. படகு ஒன்பதாவது நிமிடத்தில் இன்னும் கரையைவிட்டுக் கிளம்பவே இல்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வெறும் சாக்கு அல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் நூலகங்களுக்காக ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது: வணிக நோக்கமில்லாத பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம், ஆனால் அதன் டிஜிட்டல் அல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இணையத்திலேயே பிறந்த காணொளிக்கு அப்படியொரு பிரதி எங்கிருந்து வரும்? காணொளித் தளத்தின் விதிமுறைகளும் அனுமதியில்லாமல் இறக்குவதைத் தடுக்கின்றன. அந்தக் கணக்கின் முகவரிக்கு நான் இரண்டு முறை செய்தி அனுப்பி, பதில் வராமல் விட்டிருந்தேன். விதியை மீறி ஒரு கோப்பை வைத்துக்கொள்ளும் நூலகரை நாளை யார் நம்பித் தம் குடும்பப் பதிவுகளைக் கொடுப்பார்கள் என்ற கேள்வியும் பொய்யானதல்ல.

ஆனால் அதே சட்டத்தின் அதே பிரிவு, ஆய்வு உட்பட ஒருவரின் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடம்தருகிறது. அதை அந்த மாணவரிடம் நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத செய்தியல்ல, பயிலரங்குகளில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லையா, அல்லது கவுன்ட்டரில் வரிசை நீண்டிருந்ததால் பேச்சை முடிக்க விரும்பினேனா என்று கேட்டுக்கொண்டால், இரண்டாவதுதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. 'எங்கே போய்விடப் போகிறது' என்பது ஒரு வரிசையைக் குறைப்பதற்காகச் சொன்ன சொல்.

அதுவும், சொல்லக்கூடாதவள் சொன்ன சொல். 2017-இல் யூடியூபின் தானியங்கி முறை, வன்முறைக் காட்சிகளை நீக்குவதாக எண்ணி, சிரியப் போரை ஆவணப்படுத்திய ஏராளமான காணொளிகளை அகற்றியது எனக்குத் தெரியும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது, அதன் ஒலிப் பதிவுகளுக்கு நான் கொடுத்திருந்த சுட்டிகள் அத்தனையும் ஒரே வாரத்தில் செத்துப்போனதை என் கண்ணால் பார்த்தேன். அத்தனை பெரிய நூலகத்துக்கே அந்த நிலை என்றால், பெயர் தெரியாத ஒருவரின் கணக்கில் கிடக்கும் 22 நிமிடங்களுக்கு நான் எதை நம்பி உறுதி சொன்னேன்?

காணொளி இருந்த இடத்தில் "இந்த வீடியோ இப்போது கிடைக்கவில்லை" என்ற வரி மட்டும் இருந்தது. ஏற்றியவரே நீக்கினாரா, கணக்கு முடக்கப்பட்டதா, யாரேனும் புகார் கொடுத்தார்களா என்று அந்த வரி சொல்லவில்லை. இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் தளத்தில் தேடினேன். பக்கம் இருந்தது, தலைப்பு இருந்தது, காணொளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் இருந்தது.

முகாம் மக்களோடு நீண்டகாலம் பணியாற்றிய ஒரு தோழியிடம் இதை ஓர் இழப்பாகச் சொல்லி வருந்தியபோது, அவர் வருந்தவில்லை. "அந்த அம்மாவே அதை நீக்கச் சொல்லியிருந்தா?" என்று கேட்டார். முகாமுக்குள் கேமராவோடு வருபவர்களை உபசரித்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு ஊரிலிருக்கும் உறவினர் எவரோ அதை இணையத்தில் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்கும்போதுதான் அது எல்லோரும் பார்க்கும் இடத்துக்குப் போயிருப்பதை அறிந்தவர்களைத் தமக்குத் தெரியும் என்றார். அந்தக் கேள்விக்குப் பின்னர்தான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. காணொளியின் கடைசியில், அந்த அம்மா கேமராவுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து, "இது எங்க போய்ச் சேரும் தம்பி?" என்று கேட்கிறார். பதில் கேட்கவில்லை, படம் முடிந்துவிடுகிறது.

இப்படித்தான் என் நினைவில் இருக்கிறது. ஆனால் அந்த வாரத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கேட்டேன். அந்தக் கேள்வி இந்த அம்மாவுடையதுதானா, வேறொருவருடையதா, அல்லது தோழியின் பேச்சைக் கேட்டபின் நானே அந்த முகத்தில் பொருத்திக்கொண்டதா என்று சரிபார்க்க இப்போது காணொளி இல்லை. பிரதி எடுத்திருந்தால், அதை எடுத்திருக்கக் கூடாது என்பதற்கான சான்றும் அதற்குள்ளேயே இருந்திருக்கும்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஃபோர்ட்டுனாஃப் காணொளி ஆவணகத்தை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நாஜிப் படுகொலையில் தப்பியவர்களின் சாட்சியங்களை 1979-இல் நியூ ஹேவன் நகரில் பதிவுசெய்யத் தொடங்கிய முயற்சியிலிருந்து அது வளர்ந்தது. இன்று 4,400-க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் பட்டியலில் பேசுபவரின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டுமே வரும். பெரும்பாலான சாட்சியங்களை அதனோடு இணைந்த நிறுவனங்களுக்குச் சென்றுதான் பார்க்க முடியும். அவர்கள் பாதுகாத்தும் வைத்திருக்கிறார்கள், எல்லோர் முன்னும் விரித்துப் போடாமலும் இருக்கிறார்கள். முதலில் அதைப் படித்தபோது, ஆய்வாளருக்கு எவ்வளவு இடைஞ்சல் என்றுதான் நினைத்தேன். என் பட்டியலில் 'கட்டணமின்றி, எவரும், எங்கிருந்தும்' என்று ஒவ்வொரு பதிவுக்கும் பெருமையோடு குறித்திருந்தேன். அந்த 'எவரும்' என்ற சொல்லில் யார் யார் அடங்குவார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

இவ்வளவையும் எழுதுபவள், இப்போது என்ன செய்கிறாள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்தக் காணொளி போனபின், பட்டியலிலுள்ள தமிழ்ப் பதிவுகளில் ஏற்றியவர் யாரென்று தெரியாத பதினான்கை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். அது நூலகத்தின் பதிவேட்டில் இல்லை, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அனுமதி பெறவில்லை, பேசியவர்களைக் கேட்கவும் வழியில்லை. இது அந்த மாணவருக்குச் செய்யத் தவறியதன் ஈடா, அந்த அம்மா கேட்டதாக நான் நினைக்கும் கேள்விக்கு இன்னொரு முறை பதில் சொல்லாமல் போவதா என்று தெரியாமலேதான் ஒவ்வொன்றையும் இறக்கினேன்.

மாணவர் படிப்பை முடித்துவிட்டு, நிலுவையின்மைச் சான்றில் கையெழுத்து வாங்க வந்தார். ஆய்வேட்டின் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுத்தார். அதில் அந்த அம்மா வரும் பகுதி அவர் கையால் எழுதிய ஒன்பது நிமிடங்களோடு நிற்கிறது. கீழே, மீதிப் பகுதி கிடைக்கவில்லை என்று ஒரு வரி. யாரையும் குறைசொல்லும் வரியல்ல அது. கையெழுத்திடும்போது அவரிடம் அந்த ஹார்ட் டிஸ்கைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "லிஸ்டில் அந்த லிங்க் இன்னும் இருக்கு மேடம், ஓப்பன் ஆகலை" என்று அவர்தான் நினைவூட்டினார். பார்க்கிறேன் என்றேன்.

பட்டியலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்த வரிக்கு வந்து நிற்கிறேன். திறக்காத சுட்டிகளை நீக்கிவிட வேண்டும் என்பது நானே எழுதிவைத்த நடைமுறை. மற்றவற்றை நீக்கிவிடுகிறேன். "பேசுபவர் பெயர் குறிப்பிடப்படவில்லை; 1990 கடற்பயணம்; 22 நிமிடங்கள்" என்ற அந்த ஒரு வரி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.