மூன்றாவது தடவை வார்னிஷ்

காவேரிப்பட்டினம் பக்கம் மாமனார் தோப்பில் சாய்ந்த பெங்களூரா மாமரத்தை அறுத்ததில் எனக்கு இரண்டு பலகை கிடைத்தது. மாட்டுக்கொட்டகைப் பரணில் இரண்டு வருடம் காய்ந்தது. அதில் ஒரு டீபாய் செய்தேன். அறுத்து, இழைத்து, கால் பூட்டியதெல்லாம் நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மேல்பலகைக்கு வார்னிஷ் அடிக்க மட்டும் ஆடி மாதம் முழுக்கப் போய்விட்டது.

முதல் தடவை உப்புத்தாளில் 80, 120, 180, 220 என்று வரிசையாகத் தேய்த்தேன், எண் கூடக் கூடத் தாள் நைசு. வாயால் ஊதினேன், துண்டால் ஒரு தட்டு தட்டினேன், திண்ணையில் வைத்தே வார்னிஷ் அடித்தேன். காலையில் தடவிப் பார்த்தால் ரவை தூவின மாதிரி கை முழுக்க நெருடல். கிருஷ்ணகிரியில் ஆடிக்காற்று எப்படி வீசும் என்று தெரியும்தானே. போதாக்குறைக்கு வீட்டு முன்னால் கிரானைட் லாரிகள். காற்றைத் திட்டிவிட்டு உட்கார்ந்திருந்தபோது தெருக்கோடி ஆசாரி வந்தார். பலகையைச் சாய்த்துப் பார்த்தார். “காத்து மேல பழி போடாதீங்க தம்பி. பாதி உங்க தூளுதான்.”

டார்ச்சைப் பலகை மட்டத்துக்குப் படுக்க வைத்து அடித்துக் காட்டினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி நின்றால் அது மேலிருந்து விழுந்த தூசி. பிரஷ் இழுத்த தடத்திலேயே வரிசையாக நின்றால் அது மரத்துக்குள் இருந்து கிளம்பியது. மாமரத்துக்குக் கண் பெரிது. ரேகை நெடுக ஊசியால் கீறின மாதிரி நுண்துளைகள் இருக்கும். தேய்த்த மாவு அதில் போய் அடைந்துகொள்ளும். மேலே துடைத்தால் பளிச்சென்று தெரியும், ஈரப் பிரஷ் பட்டதும் வெளியே வரும். ஊதினால் எச்சிலும் சேர்ந்து விழுமாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

இரண்டாவது தடவை கொஞ்சம் அதிபுத்திசாலித்தனம். எல்லாவற்றையும் மறுபடி தேய்த்து, பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றடித்தேன். தூள் பறந்தது உண்மை. கூடவே குழாயிலிருந்து தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் தெறித்தது. டயருக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பலகைக்கு ஆகும். பிசுக்கு பட்ட இடங்களில் வார்னிஷ் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகிப் போனது. மறுபடியும் 120-லிருந்து.

இந்தச் சுற்றில்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஓரத்தில் பழைய வண்டு அரித்த ஓட்டைகள், குண்டூசித் தலை அளவு. பலகையைக் கவிழ்த்துச் சாக்கின் மேல் வைத்துத் தட்டினேன். கேழ்வரகு மாவு மாதிரி கொட்டியது! இத்தனை நாள் இதுவும்தான் பிரஷ்ஷில் ஏறியிருக்கிறது. இரண்டு நாள் அப்படியே விட்டுப் பார்த்தேன். புதுத்தூள் விழவில்லை, உள்ளே வண்டு வேலை பார்க்கிற அடையாளம் எதுவும் தெரியவில்லை. ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்தேன்.

மூன்றாவது தடவைக்கு முதல் நாள் சாயங்காலமே பலகையை உள்ளறைக்குக் கொண்டுபோனேன். காய்ந்த இரண்டு அங்குலப் பிரஷ்ஷால் ரேகைப் போக்கில் கிண்டிக் கிண்டி, பின்னாலேயே வாக்குவம் குழாயைப் பிடித்தேன். மூக்கில் மாஸ்க். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. அப்புறம் துணி. புதுத்துணி பஞ்சு விடும், துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் சரி. டர்பன்டைனில் நனைத்து ஒட்டப் பிழிந்து, இரண்டு சொட்டு வார்னிஷ் விட்டுப் பிசைந்தால் லேசாகப் பிசுபிசுக்கும். அதை அழுத்தாமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். அழுத்தினால் பிசின் பலகையில் ஒட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் மடிப்பை மாற்றினேன். ஐந்தாவது மடிப்பில்தான் துணி வெள்ளையாக வந்தது. இதெல்லாம் எண்ணெய் வார்னிஷுக்கு. தண்ணீரில் கலக்கும் வார்னிஷ் என்றால் டர்பன்டைன் பக்கமே போகக் கூடாது. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பி நிற்கும் நாரை 320-ல் லேசாகத் தட்டிவிட்டு, காய்ந்த துணியால் தூளை எடுத்தால் போதும். வேலை முடிந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

ராத்திரி தரையில் தண்ணீர் தெளித்து, ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தினேன். விடிகாலை ஐந்தரை, காற்று எழும்பும் முன். மரத்தூள் படிந்த சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடு அடித்தேன். ஆசாரிக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவர் பூசுவது அரக்கும் ஸ்பிரிட்டும், சில நிமிடத்தில் காய்ந்துவிடும், தூசிக்கு உட்கார நேரமில்லை. என் வார்னிஷ் மத்தியானம் வரை பிசுபிசுவென்று வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டார்ச் அடித்து எண்ணினேன். பலகை முழுக்க ஆறு புள்ளி. அப்புறம் ஒரு கொசு. நாளைக்கு 320-ல் தேய்த்து, அதே துணிச் சடங்கு, இரண்டாவது கோட். கொசுவின் உடம்பு தேய்ப்பில் போய்விடும். கால் ஒன்று ஆழமாகப் பதிந்திருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும் என்கிறாள் மகள்.