விடியுமுன் எடுத்த நீர்

நம் பள்ளியின் தெற்கு மதிலை அடுத்துக் கிடந்த குளத்தை அங்கே படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுகால் பாயும் மாதங்களில் அதன் இரைச்சல் பத்தாம் வகுப்பு அறைவரை கேட்கும். பங்குனி வெயிலில் தாமரை இலைகள் ஓரம் கருகி, படித்துறையின் கடைசிப் படியும் வெளியே தெரியும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீரும் கால்வாய் வழியே வந்து சேர, ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தை நிரப்பி, அதன் மடை அடுத்த ஏலாவை, அதாவது வயல்வெளியை, நனைக்கும் ஏற்பாட்டில் நம் குளமும் ஒரு கண்ணி. அதில் நீந்தியும் ஆம்பல் பறித்தும் வளர்ந்த எங்களுக்கு, அதைப் படிக்கவும் முடியும் என்று 1987-இல் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்க வந்த ஆசிரியர்தான் காட்டித் தந்தார். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்களுக்கான இந்த மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

அவருடைய வீடு கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கம். நாள்தோறும் களியக்காவிளை வழியாகப் பேருந்தில் வருவார். அவர் தமிழில் மலையாளத்தின் ஓசை இருக்கும். கையில் இரண்டு மொழிப் பத்திரிகைகளும் இருக்கும். ஏரிகளைப் பற்றிய பாடத்தை அவர் தொடங்கிய விதம் இன்றும் நினைவிருக்கிறது. குளிர்நாட்டு ஏரி ஒன்றின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தார். கோடையில் சூடான நீர் மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் அடியில் தங்கும். நடுவே வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு இருக்கும். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தி கொள்வதால், இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் வசந்தத்தில் ஒருமுறையும் ஏரி முழுவதும் மேலும் கீழுமாகப் புரண்டு கலக்கும். இவற்றையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். "மக்களே, நம்ம குளத்தில் பனிக்கட்டி என்றைக்காவது உறைந்திருக்கா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. "அப்போ இந்தப் பாடம் நம்ம குளத்துக்குப் பொருந்துமா, பொருந்தாதா? அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

ஏரிகளைப் படிப்பதற்கென்று ஓர் அறிவியல் துறை உண்டு என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டோம். லிம்னாலஜி என்று உலகம் வழங்கும் ஏரியியலுக்கு அடித்தளமிட்டவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபொரேல். தம் வீட்டருகே இருந்த ஜெனீவா ஏரி ஒன்றையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, 1892 முதல் 1904 வரை மூன்று தொகுதிகளாக அதைப் பற்றி எழுதியவர். ஒரே ஓர் ஏரிக்கு மூன்று தொகுதிகளா என்று நாங்கள் வியந்தபோது, அந்த ஏரியைவிடச் சிறியதாக இருந்தாலும் நம் குளமும் ஒரு தொகுதிக்காவது தாங்கும் என்றார். அதை வேடிக்கைப் பேச்சாக அவர் சொல்லவில்லை என்பது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது.

குளத்தை அளக்க நாங்கள் ஆறு பேர் பெயர் கொடுத்தோம். முதலில் செய்தது செக்கி தட்டு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி 1865-இல் கடல்நீரின் தெளிவை அளக்க வெள்ளைத் தட்டை நீரில் இறக்கிப் பார்த்த முறை அது. ஏரிகளுக்குப் பயன்படும் தட்டு 20 சென்டிமீட்டர் குறுக்களவில், கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்களாய் இருக்கும். பழைய அலுமினியப் பாத்திரத்தின் மூடி ஒன்றுக்கு வண்ணம் பூசி, நடுவில் துளையிட்டு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சாகக் கயிறு கட்டி நாங்களே அதைச் செய்தோம். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். ஒளி எவ்வளவு தூரம் இறங்குகிறதோ அவ்வளவு தூரம்தான் பாசியும் நீர்ச்செடியும் உணவு தயாரிக்க முடியும். ஆகவே கயிற்றின் அந்த முடிச்சு குளத்தின் உயிர்வாழ்வுக்குரிய எல்லையைக் கணிக்க ஓர் அளவுகோல் என்று அவர் விளக்கியபோது, ஒரு மூடிக்கும் கயிற்றுக்கும் இத்தனை பொருள் உண்டா என்று மலைத்துப்போனேன்.

அடுத்தது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். ஹங்கேரிய வேதியியலாளர் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறை அதற்கு உதவியது. அதற்கு வேண்டியவை எல்லாம் நம் வேதியியல் ஆய்வகத்திலேயே இருந்தன. கண்ணாடி மூடியிட்ட புட்டியில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நீரைப் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த பொட்டாசியம் அயோடைடையும் அடியில் விட வேண்டும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு திரளும். எவ்வளவு அதிகமோ அவ்வளவு கரும்பழுப்பு. பிறகு கந்தக அமிலம் விட்டால் வீழ்படிவு கரைந்து அயோடின் பிரியும். ஸ்டார்ச்சு சேர்த்து, பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும் கணத்தைப் பிடித்தால் அளவு கிடைத்துவிடும். ஆக்சிஜனே இல்லாத நீரில் மட்டும் வீழ்படிவு பழுப்பாகாமல் வெள்ளையாகவே படியும். இந்த ஒரு செய்தியைப் பின்னால் சொல்லப்போகும் நிகழ்ச்சிக்காக வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆழத்து நீரை எடுக்க, கல் கட்டிய புட்டியை வள்ளத்திலிருந்து இறக்கி, தக்கையைத் தனிக்கயிற்றால் பிடுங்குவோம். தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு வெள்ளிக்கிழமை இரவு சத்துணவுக் கூடத்தில் தங்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்ரோமாக்ஸ் விளக்குடன் குளத்துக்குப் போனோம். அந்த ஒரே இரவில் பாடத்தின் பாதி விளங்கிவிட்டது. பிற்பகலில் மேல்நீர் சுடச்சுட இருக்க, அடிநீர் சில டிகிரி குளிர்ந்திருந்தது. நம் குளத்திலும் அடுக்குகள் இருந்தன. ஆனால் இரவு ஏற ஏற மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்கி, விடிவதற்குள் மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டது. குளிர்நாட்டு ஏரி ஆண்டுக்கு இருமுறை புரள்வதை, ஆழம் குறைந்த நம் குளம் நாள்தோறும் செய்துகொண்டிருந்தது! வெப்பநாட்டு நீருக்கு இன்னொரு தன்மையும் உண்டு என்று ஆசிரியர் சேர்த்துச் சொன்னார்: 30 டிகிரிக்கு அருகே ஒரே ஒரு டிகிரி வேறுபாடு உண்டாக்கும் அடர்த்தி மாற்றம், 4 டிகிரிக்கு அருகே அதே ஒரு டிகிரி உண்டாக்குவதைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். அதனால்தான் மிகச் சிறிய வெப்ப வேறுபாடும் பகலில் நம் குளத்தை அடுக்குகளாகப் பிரித்துவிடுகிறது.

ஆக்சிஜனின் கதையும் அதே போக்கில் இருந்தது. பகலெல்லாம் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் பிற்பகல் புட்டி கரும்பழுப்பாக இருந்தது. இரவில் பாசி, செடி, மீன், சேற்றிலுள்ள நுண்ணுயிர் எல்லாமே மூச்சுவிட்டுச் செலவழிக்க, விடியுமுன் எடுத்த புட்டியில் நிறம் வெளிறிப்போயிருந்தது. பச்சைப்பசேலென்று இருக்கும் குளம் செழிப்பான குளம் என்றே அதுவரை நினைத்திருந்தோம். எவ்வளவு பச்சையோ அவ்வளவுக்கு இரவின் மூச்சடைப்பும் கூடும் என்பதை அன்று எங்கள் கண்ணாலேயே கண்டோம்.

1988 ஏப்ரலில், ஆண்டுத் தேர்வு முடியும் தறுவாயில், இரண்டு நாள் வானம் மூடிக்கொண்டு, இலை அசையாமல் புழுங்கியது. மூன்றாம் நாள் விடியலில் கெண்டைகள் குளமெங்கும் செத்து மிதந்தன; சாகாதவை கரையோரம் வாய்பிளந்து நின்றன. மீன் குத்தகை தொடர்பாக ஊரில் ஏற்கெனவே இரண்டு தரப்பாக இருந்தார்கள். யாரோ நஞ்சு கலக்கிவிட்டார்கள் என்று பேச்சு பரவி, கரையில் கைகலப்பு நேரும் நிலை வந்துவிட்டது. முதல் பேருந்தில் வந்திறங்கிய ஆசிரியர் நேரே எங்களை அழைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். மூன்று இடங்களில் எடுத்த நீரைக் கரையில், கூட்டத்தின் நடுவிலேயே, சோதித்துக் காட்டினார். மூன்று புட்டியிலும் வீழ்படிவு வெள்ளை. பக்கத்தில் கிணற்று நீரை ஒரு வாளியில் நன்றாக ஆற்றி எடுத்து அதையும் சோதித்தார், அது பழுப்பு. பிறகு கூட்டத்தைப் பார்த்து, விராலும் பனையேறிக் கெண்டையும் செத்துக் கிடக்கின்றனவா என்று தேடச் சொன்னார். ஒன்றுகூட இல்லை. நஞ்சாக இருந்தால் அவையும் செத்திருக்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்புகள் அந்த மீன்களுக்கு உண்டு. அதனால்தான் நீரில் ஆக்சிஜன் அற்றுப்போன அந்த இரவை அவை கடந்தன. (பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறியதைத் தரங்கம்பாடியில் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதி, அது 1797-இல் அச்சேறியது என்பதையும் அவர் பின்னொரு நாள் சொன்னார்.) வெயிலில்லாத இரண்டு பகலில் பாசி ஆக்சிஜனைப் போதிய அளவு உண்டாக்கவில்லை, செலவு மட்டும் குறையவில்லை, காற்றும் வீசவில்லை. கைகலக்க நின்றவர்கள் அந்த வெள்ளைப் புட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன். அறிவியல் என்பது ஊரில் இரண்டு வீடுகளுக்கு இடையே நின்று பேசக்கூடியது என்று எனக்குத் தெரிந்த நாள் அது.

குளம் ஏன் அவ்வளவு பச்சையாயிற்று என்ற கேள்விக்கு ஏலாவிலிருந்தும் வாழைத் தோட்டங்களிலிருந்தும் வடிந்துவரும் உரத்தையும், படித்துறையில் கரையும் சோப்புத்தூளையும் காட்டினார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண்ணால் குறிக்கப்படும் ஏரியை 1973-இல் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரசையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பாசி படர்ந்து பச்சையாயிற்று. இதைச் சொல்லிவிட்டு, உள்ளே வந்த பாஸ்பரசு அத்தனை எளிதில் வெளியே போகாது என்று எச்சரித்தார். ஆக்சிஜன் உள்ளவரை சேற்றிலுள்ள இரும்பு அதைப் பிடித்துவைத்திருக்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிடி விட்டு அது மீண்டும் நீருக்கு வரும். இங்கிலாந்தின் ஏரிகளை ஆராய்ந்த மார்ட்டிமர் 1941, 1942-இல் விரிவாக எழுதியது இது. பழைய அழுக்கு ஒவ்வொரு புழுக்க இரவிலும் திரும்பி வரும் என்று புரிந்தபோது, தூர்வாருவதைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் பேசிய பேச்சின் அருமையும் புரிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாம்கோட்டைக் காயலுக்கு அழைத்துப்போனார். உப்பங்கழிகளுக்கு வழங்கும் காயல் என்ற பெயர் இருந்தாலும் அது நன்னீர். கேரளத்தின் மிகப்பெரிய நன்னீர் ஏரி. கொல்லம் நகரம் அதைக் குடித்தது. எங்கள் செக்கி தட்டு அங்கே கயிற்றின் பழக்கமில்லாத முடிச்சுகளுக்கெல்லாம் இறங்கிப்போனபோது நாங்கள் கூவியதைக் கேட்டுக் கோயில் குரங்குகள் ஓடின. அந்த ஏரியும் நம் சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் பின்னாளில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன, முன்னது 2002-இல், பின்னவை 2022-இல். இரண்டு செய்தியையும் வெளிநாட்டில் இருந்தபடியே படித்தேன்.

அந்த ஆசிரியர் தூண்டிவிட்ட வழியில்தான் நான் நீர்ச் சோதனைக்கூட வேலைக்கு வந்தேன். 1996-இல் ஒன்டாரியோவுக்கே வந்து சேர்ந்தேன். முதல் குளிர்காலத்தில், வேலையிடத்துக்கு அருகே உறைந்து கிடந்த ஆழம் குறைந்த ஓர் ஏரியில் மீன்பிடிப்பவர்கள் துளையிட்ட இடத்தில் வெப்பமானியை இறக்கினேன். பனிக்கட்டியை ஒட்டி 0 டிகிரி, அடியில் 4 டிகிரி. பள்ளிக் கரும்பலகையில் இருந்த படம் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் கைக்கு வந்தது. கைவிரல் மரத்துப்போய் இருந்தாலும் அன்றிரவே அவருக்குக் கடிதம் எழுதினேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. நலம் விசாரித்த இரண்டு வரிக்குப் பிறகு இப்படி இருந்தது: "வெப்பநிலை சரி. ஆக்சிஜன் பார்த்தாயா? பனிக்கட்டியும் அதன்மேல் வெண்பனியும் மூடிவிட்டால் ஒளி இறங்காது, காற்றும் தொடாது. நம்ம குளத்துக்கு இரவு பன்னிரண்டு மணி நேரம். அந்த ஏரிக்கு இரவு எத்தனை மாதம்?"

மார்ச் மாதக் கடைசியில், பனிக்கட்டி இளகத் தொடங்குமுன், விங்க்ளர் புட்டிகளை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த ஏரிக்குப் போனேன். மேலிருந்து எடுத்த நீர் இளம்பழுப்பு. அடியிலிருந்து எடுத்த நீரில் வீழ்படிவு வெள்ளையாகவே படிந்தது. இரண்டு நிறங்களையும், நாளையும், ஆழத்தையும் எழுதி, அடுத்த அஞ்சலில் பாறசாலைக்கு அனுப்பினேன்.