மாலத்தீவின் ஊர்த் தீவுகளில் தங்கலும் சாப்பாடும்: முதலில் படகு, பிறகுதான் அறை

மாலத்தீவில் மக்கள் குடியிருக்கும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த 2009-க்குப் பிறகுதான் வழி திறந்தது. அதுவரை வெளிநாட்டுப் பயணி என்றால் ரிசார்ட்தான். ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட். இன்று மாஃபுஷி, துலுஸ்தூ, திகுரா, உகுல்ஹாஸ், தொட்டூ எனப் பல ஊர்த் தீவுகளில், ரிசார்ட் வாடகையில் ஒரு சிறு பங்குக்கே நல்ல ஏசி அறை கிடைக்கிறது. அதே கடல், அதே பவளப்பாறை. ஆனால் ரிசார்ட்டில் யாரோ பார்த்துக்கொள்ளும் வேலைகளை இங்கே நீங்களே பார்க்க வேண்டும். முதல் வேலை படகு. அறையின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, அங்கே எப்படிப் போவது என்று பிறகு தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஓர் இரவு வாடகையை இழக்கிறார்கள்.

விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். வாசலைத் தாண்டினால் படகுத்துறை. மாஃபுஷிக்கு ஸ்பீட் போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். தலைநகர் மாலேயிலிருந்து கிளம்பும் பொது ஃபெரியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஃபெரி மிக மலிவு. ஆனால் நடைகள் குறைவு; வெள்ளிக்கிழமை பொதுவாக ஓடாது. திகுரா தெற்கு ஆரி அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத் தீவுக் கூட்டம்) இருப்பதால் ஸ்பீட் போட்டிலேயே இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துத் தீவுகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நடைதான், கடைசிப் படகு பெரும்பாலும் மாலை நான்கு மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக் கணக்குப் போடுங்கள். விமானம் மதியம் இரண்டரைக்கு மேல் இறங்குகிறதென்றால் அன்றைய இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான ஹுல்ஹுமாலேயில் வைத்துக்கொள்வதே நல்லது. அங்கே பஸ்ஸிலேயே போகலாம்.

ஸ்பீட் போட்டில் பின்பக்க இருக்கையைப் பிடியுங்கள். அலையில் மூக்குப் பகுதிதான் எழும்பி அடிக்கும். அந்த அடி நேராக முதுகெலும்பில் விழும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இது இன்னும் கடுமை. முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்த மாதங்களில் பக்கத்துத் தீவோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது உள்நாட்டு விமானம் போகும் தீவைத் தேர்ந்தெடுக்கலாம்.

சுற்றுலா விசா இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கும். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட உறுதிச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும், வரும்போதும் போகும்போதும். அரசின் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் ஏதாவது கண்ணில் பட்டால் அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.

அடுத்தது வாடகை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று பொருள். 60 டாலர் அறையை எடுத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்தால் 66. அந்த 66-க்குச் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம் (2025 ஜூலை முதல் இந்த விகிதம்), ஆக 77.22. இதன்மேல் பசுமை வரி: ஊர்த் தீவின் சிறிய கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர். இருவர் என்றால் மொத்தம் 89.22. முன்பதிவுத் தளங்கள் சில பசுமை வரியைக் காட்டாமல் விட்டுவிடும், அதைக் கிளம்பும் நாளில் ரொக்கமாகக் கேட்பார்கள். எல்லாம் சேர்த்து எவ்வளவு, படகுக் கட்டணம் அதில் உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அறையைப் பற்றி நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்விகள். குளியலறையில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த நீரா, கிணற்று நீரா? கிணற்று நீர் உப்புக் கரிக்கும், சில தீவுகளில் அழுகல் வாடையும் அடிக்கும், சோப்பு நுரைக்காது. இன்னொன்று, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரோ கட்டட வேலையோ நடக்கிறதா? கடற்கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று அலைய வேண்டாம். பெரும்பாலான ஊர்த் தீவுகளில் எங்கிருந்தும் பத்து நிமிட நடையில் கடல் வந்துவிடும். மின்சாக்கெட் பெரும்பாலும் மூன்று சதுரக் கம்பி வகை. அதில் இந்திய பிளக் பொருந்தாது, அடாப்டர் வேண்டும்.

இனி சாப்பாடு. மீனும் தேங்காயும் தவிர ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வந்து, மாலேயிலிருந்து சரக்குப் படகில் தீவுக்கு வருகிறது. கடல் இரண்டு நாள் கொந்தளித்தால் கீரை, தக்காளி, முட்டை எல்லாம் தட்டில் குறையும். பழம் விரும்புகிறவர்களுக்குத் தொட்டூ நல்ல தேர்வு, தர்பூசணியும் பப்பாளியும் அங்கேயே விளைகின்றன. கெஸ்ட் ஹவுஸில் காலை உணவு மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மற்ற வேளைகளை வெளியே சாப்பிடுவதே என் பரிந்துரை. முழுச் சாப்பாட்டுத் திட்டம் எடுத்தால் தினமும் அதே வறுத்த நூடுல்ஸ்தான் வரும்.

காலையில் மஸ் ஹுனி கேளுங்கள். சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், எலுமிச்சை, அந்த ஊர் மிளகாய் எல்லாவற்றையும் கையால் பிசைந்து, ரோஷி என்ற மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். அந்த மிளகாய் குண்டாக, மணமாக, பயங்கரக் காரமாக இருக்கும். குழந்தைகளுக்கு மிளகாய் சேர்க்கும் முன்பே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மதியத்துக்கு கருதியா: தெளிந்த மீன் சாறு, சோறு, எலுமிச்சை, பச்சை வெங்காயம். இந்தச் சாற்றையே மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சினால் ரிஹாகுரு என்ற கரும்பழுப்பு விழுது. வாடை தூக்கலாக இருக்கும், விரல்நுனி அளவில் தொடங்குங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் தேநீர்க் கடைகளில் ஹெதிகா என்ற சிற்றுண்டிகளை அடுக்கிவைத்திருப்பார்கள்: மீன் வைத்த பஜியா, உருண்டையான குல்ஹா, மீன் ரொட்டி மஸ்ரோஷி, காரமான மீன் கேக் குல்ஹி போகிபா. தீவின் உணவை முழுதாக அறிய இதைவிட மலிவான வழி கிடையாது.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே மீன் என்பது துண்டாக மட்டும் வருவதில்லை; மாசித் துண்டுகள் (உலர்த்திய சூரை மீன்) பருப்பிலும் பூசணிக்காய்க் கறியிலும் சம்பலிலும் விழுந்திருக்கும். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சி வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். “மீனும் வேண்டாம், மாசியும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம்” என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பருப்புக் கறி, பூசணிக்காய்க் கறி, ரோஷி, சோறு இவற்றை அன்று காலையிலேயே சொல்லிவைத்தால் தனிப் பாத்திரத்தில் செய்துதருவார்கள்.

மீன் விஷயத்தில் இரண்டு ஆபத்துகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெரிய சீலா, களவா, விலாங்கு போன்ற பாறை மீன்களில் சிகுவாடெரா நஞ்சு இருக்கலாம். சமைத்தாலும் அது போகாது. சூரையில் அந்தப் பயம் இல்லை. ஆனால் பிடித்ததும் ஐஸில் வைக்காவிட்டால் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும், அதுவும் கொதியில் அழியாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் சுருக்கென்று இருந்தாலோ உதடு கூச்செடுத்தாலோ அந்தத் தட்டை அப்படியே ஒதுக்குங்கள். தோணிகள் எப்போது திரும்புகின்றன என்று விசாரித்து, அன்று வந்த மீனை அன்றிரவே சுட்டுத்தரும் கடையில் சாப்பிடுவது பாதுகாப்பு, ருசியும் அதில்தான்.

ஊர்த் தீவுகளில் மது கிடையாது, பன்றி இறைச்சியும் கிடையாது. பெட்டியில் கொண்டுபோனால் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். தெருவில் தோளும் தொடையும் மூடியிருக்க வேண்டும். தொழுகை நேரத்தில் கடைகள் கால் மணி நேரம் போல மூடும், வெள்ளி மதியம் இன்னும் நீளும். ரமலானில் பகல் முழுக்க உணவகங்கள் மூடியிருக்கும்; கெஸ்ட் ஹவுஸ் மட்டும் விருந்தாளிகளுக்குத் தரும். 2027-இல் அது பிப்ரவரியில், கடல் அமைதியான உச்சப் பருவத்திலேயே வருகிறது.

பணத்துக்குச் சிறிய டாலர் நோட்டுகள், கிழியாதவையாக. அதிகாரபூர்வ மதிப்பு டாலருக்குச் சுமார் 15.4 ரூஃபியா. சிறிய தீவுகளில் ஏடிஎம் இல்லாமல் இருக்கலாம். மிஞ்சிய ரூஃபியாவை நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம் என்பதால் கடைசி நாளுக்குள் செலவழித்துவிடுங்கள்.

திரும்பும் விமானம் காலையில் என்றால், அதுவும் தென்மேற்குப் பருவத்தில், முந்தைய நாளே ஹுல்ஹுமாலேக்கு வந்துவிடுங்கள். காற்று மிஞ்சினால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது. பெட்டியை அடுக்கும்போது மணல், பவளம், ஆமை ஓடு எதுவும் உள்ளே இல்லையென்று பாருங்கள். இவற்றை நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தடை. குழந்தைகள் பொறுக்கிய துண்டுகள்கூட ஸ்கேனரில் தெரியும்.